சொந்த பாலிசியா, நர்சிங் ஹோம் பாலிசியா, சங்கத் திட்டமா: வடசென்னை மருத்துவர்களுக்கான ஓர் அலசல்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஐந்து ரூபாய் டாக்டர் என்று பெயர் பெற்று 2018ஆம் ஆண்டு மறைந்த ஜெயச்சந்திரனை வடசென்னை இன்றும் நன்றியோடு நினைக்கிறது. அப்படிப்பட்ட சிறிய கட்டணத்துக்கும் சட்டத்தில் ஓர் எடை உண்டு. இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி.பி.சாந்தாவுக்கும் இடையிலான வழக்கில் 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிப்படி, வருகிற எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தருபவர் நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். பதிவுச் சீட்டுக்கான பெயரளவுத் தொகை இந்த நிலையை மாற்றாது. ஆனால் சிகிச்சைக்கென்று கட்டணம் வாங்கிவிட்டால், அது எவ்வளவு சிறியதானாலும், அவர் சட்டத்துக்கு உள்ளே வந்துவிடுகிறார். சிலரிடம் வாங்கிக்கொண்டு சிலருக்கு இலவசமாகப் பார்த்தால், அந்த இலவச நோயாளியும் நுகர்வோரே. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், வழக்கு எந்த ஆணையத்துக்குச் செல்லும் என்பதைக் கேட்கப்படும் இழப்பீடு முடிவு செய்வதில்லை, நோயாளி செலுத்திய தொகையே முடிவு செய்கிறது. ஆகவே 200 ரூபாய் கொடுத்தவர் ஒரு கோடி கேட்டாலும், அந்த மனு மனுக் கட்டணம் ஏதுமின்றிச் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தொடங்கிவிடலாம்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சில கிளினிக்குகளுக்குக் கணக்கு பார்ப்பவன் என்ற முறையில், சிகிச்சையில் கவனக்குறைவு என்று வரும் வழக்குகளுக்கான காப்பீடு பற்றி ஒவ்வொரு மார்ச் மாதமும் மருத்துவர்களிடமிருந்து என்னிடம் இரண்டு கேள்விகள் வரும். “நர்சிங் ஹோமே பாலிசி வெச்சிருக்காங்களே சார், நான் தனியா எதுக்கு?” என்பது ஒன்று. “சங்கத்துல வருஷா வருஷம் கட்டறேனே, அது போதாதா?” என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பொதுவாக விடை சொல்வதைவிட, ஒரே வழக்கை ஒவ்வொரு ஏற்பாட்டின் வழியாகவும் ஓட்டிப் பார்ப்பதே தெளிவைத் தரும். ஒரு மகப்பேறு மருத்துவரை வைத்துக்கொள்வோம்: மாலையில் தண்டையார்பேட்டையில் சொந்தக் கிளினிக், அழைப்பு வந்தால் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் உள்ள இரண்டு நர்சிங் ஹோம்களில் பிரசவம். ராயபுரத்தில் நடந்த ஒரு பிரசவம் பற்றி இரண்டு ஆண்டுகள் முடியும் தறுவாயில் வக்கீல் நோட்டீஸ் வருகிறது. கேட்கப்படும் தொகை 40 லட்சம்.

முதலில் சொந்தப் பெயரில் எடுக்கும் பாலிசி. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ‘ப்ரொஃபஷனல் இண்டெம்னிட்டி’ என்ற பெயரில் விற்கும் இதில், கவனக்குறைவு நிரூபணமாகி ஆணையமோ நீதிமன்றமோ விதிக்கும் இழப்பீட்டையும், வழக்கை எதிர்கொள்ளும் செலவையும், பாலிசித் தொகையின் எல்லைக்குள் நிறுவனம் ஏற்கிறது. வழக்குச் செலவு பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே அடங்கும் என்பதால், ஆணையத்தில் தொடங்கி மேல்முறையீடுகள் வரை வக்கீலுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதே இழப்பீட்டுக்கு உதவும்.

இந்த பாலிசியை வாங்குபவர்கள் பிரீமியத்தைப் பார்க்கிறார்கள், காப்பீட்டுத் தொகையைப் பார்க்கிறார்கள். அட்டவணையில் ஓர் ஓரத்தில் இருக்கும் ‘ரெட்ரோஆக்டிவ் தேதி’யை மட்டும் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. என் கணிப்பில் அந்த ஒரு தேதிதான் மொத்த பாலிசியின் உயிர்நாடி. வாகன பாலிசியில் விபத்து நடந்த நாளில் பாலிசி இருந்ததா என்பதே கேள்வி. இங்கே கேள்வி இரட்டையானது: சிகிச்சை அந்தத் தேதிக்குப் பிறகு நடந்திருக்க வேண்டும், நோட்டீஸ் வரும் நாளிலும் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். பிரசவம் நடந்த ஆண்டில் பாலிசி வைத்திருந்து, நோட்டீஸ் வந்த ஆண்டில் புதுப்பிக்காமல் விட்டிருந்தால், பழைய பாலிசி பழைய காகிதம் மட்டுமே. எனக்குத் தெரிந்த ஒரு பல் மருத்துவர் வீடு மாறிய குழப்பத்தில் மூன்று வாரம் தாமதமாகப் புதுப்பித்தார். நிறுவனம் அதைப் புதிய பாலிசியாகவே கொடுத்தது, ரெட்ரோ தேதியும் புதிதாகத் தொடங்கியது. ஒன்பது ஆண்டுகளாகக் கட்டிய பிரீமியம் அவருடைய பழைய நோயாளிகள் எவரைப் பொறுத்தும் இனி பயன்படாது என்பதை அவருக்கு விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. நிறுவனம் மாறுவோரும் பழைய ரெட்ரோ தேதியைத் தொடரச் சொல்லி எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு ஆண்டு காலக்கெடு இருக்கும்போது பழைய சிகிச்சையைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். போதிய காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம். தவிரவும், தொடங்கிய வழக்கு எப்போது முடியும் என்பது யார் கையிலும் இல்லை. 1996ஆம் ஆண்டு எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யும்படி உரிய காலத்தில் சொல்லப்படாததால் பார்வை போயிற்று. தேசிய ஆணையம் 2009ஆம் ஆண்டு வழங்கியது 5 லட்சம். உச்ச நீதிமன்றம் 2015ஆம் ஆண்டு, வி.கிருஷ்ணகுமாருக்கும் தமிழக அரசுக்கும் இடையிலான தீர்ப்பில், எதிர்கால மருத்துவச் செலவையும் விலைவாசி உயர்வையும் கணக்கிட்டு அதை ஏறத்தாழ 1.8 கோடியாக உயர்த்தியது. பிறப்புக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ 19 ஆண்டுகள். 1996இல் போதுமென்று தோன்றிய எந்தக் காப்பீட்டுத் தொகையும் 2015இல் எங்கே நின்றிருக்கும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

அடுத்தது விகிதம். ஒரு கிளெய்முக்கான எல்லையும் ஓர் ஆண்டுக்கான எல்லையும் 1:1 முதல் 1:4 வரை வெவ்வேறு விகிதங்களில் தரப்படுகின்றன. ஆண்டு எல்லை ஒரு கோடி, விகிதம் 1:4 என்றால், ஒரு வழக்குக்குக் கிடைக்கும் உச்சம் 25 லட்சம். நம் மருத்துவரின் 40 லட்சத்தில் மீதி 15 லட்சம் அவர் பையிலிருந்து போக வேண்டியது. ஆண்டுக்கு நான்கு வழக்குகளைச் சந்திக்கும் தனி மருத்துவர் எத்தனை பேர்? பெரிய எண்ணைக் காட்டும் 1:4 பாலிசியைவிட, 50 லட்சத்துக்கு 1:1 எடுப்பதே அறிவுடைமை என்று எவரிடமும் சொல்வேன்.

விலக்குகளில் நம் பகுதிக்கு மிக நெருக்கமானது உதவியாளர் பற்றியது. இருபது ஆண்டு அனுபவத்தில் ஊசி போடப் பழகிய கம்பவுண்டர் வடசென்னையின் பல கிளினிக்குகளில் உண்டு. தகுதிச் சான்று இல்லாத உதவியாளரை முன்மொழிவுப் படிவத்தில் குறிப்பிட்டுக் கூடுதல் பிரீமியம் கட்டாவிட்டால், அவர் கையால் நேர்ந்த தவறுக்கு நிறுவனம் கையை விரிக்க இடமுண்டு. போதையில் செய்த சிகிச்சை, குற்றச் செயல், பெரும்பாலான பாலிசிகளில் உடல் எடைக் குறைப்பு சிகிச்சையும் பிளாஸ்டிக் சர்ஜரியும் விலக்கில் வருகின்றன. இன்னொரு நிபந்தனை, நிறுவனத்தின் சம்மதமின்றித் தவற்றை ஒப்புக்கொள்ளவோ பணம் கொடுத்து முடிக்கவோ கூடாது என்பது. நம் பக்கத்தில் பிரச்சினை வெடித்தால் முதலில் கூடுவது வாசலில் உறவினர் கூட்டம். அடுத்து ஏரியாவில் செல்வாக்குள்ள ஒருவர் வந்து உட்கார்ந்து, “ரெண்டு லட்சம் குடுத்து முடிச்சுக்கோங்க டாக்டர்” என்பார். அந்த இரவில் அது மிகப் பெரிய நிம்மதிதான். ஆனால் அப்படிக் கொடுத்த இரண்டு லட்சம் பாலிசியிலிருந்து திரும்பி வராது, பின்னர் வழக்கு வந்தால் அது ஒப்புதலாகவும் காட்டப்படும்.

இப்போது நர்சிங் ஹோமின் பாலிசிக்கு வருவோம். இங்கே ஒரு தவறான ஆறுதல் நிலவுகிறது. சவிதா கார்க் வழக்கில் 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், சம்பளத்துக்கு இருப்பவரானாலும் ஒப்பந்தத்தில் வந்து போகும் கன்சல்டன்டானாலும் அவருடைய கவனக்குறைவுக்கு மருத்துவமனையும் பொறுப்பு என்று சொன்னது. இது நோயாளிக்குக் கிடைத்த பாதுகாப்பு. மருத்துவருக்குக் கிடைத்த விடுதலை அன்று. மருத்துவமனையின் பாலிசி மருத்துவமனையின் பொறுப்பைத்தான் ஏற்கிறது. வந்து போகும் மருத்துவரின் தனிப் பொறுப்பையும் அது ஏற்க வேண்டுமானால் அவர் பெயரோ அவர் வகையோ பாலிசியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அனுராதா சாஹாவின் மரணம் தொடர்பான கொல்கத்தா வழக்கில் 2013ஆம் ஆண்டு விதிக்கப்பட்ட ஏறத்தாழ 6 கோடி ரூபாயில் பெரும்பங்கு மருத்துவமனைமேல் விழுந்தது. எனினும் மூன்று மருத்துவர்கள் தனித்தனியே 10 லட்சம், 10 லட்சம், 5 லட்சம் கட்ட வேண்டியிருந்தது.

நம் மருத்துவரின் வழக்கில் இதைப் பொருத்திப் பாருங்கள். குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்ததை இரவுப் பணி நர்ஸ் தெரிவிக்கவில்லை என்று மருத்துவர் சொல்வார். தெரிவித்தும் டாக்டர் வரத் தாமதமாயிற்று என்று நர்சிங் ஹோம் சொல்லும். இருவரும் ஒரே தரப்பாக நிற்பது முதல் வாய்தாவோடு முடிந்துவிடலாம். அப்போது நர்சிங் ஹோமின் நிறுவனம் அமர்த்திய வக்கீல் யாருக்காக வாதாடுவார்? தொகையும் ஒன்றே, அங்கே பணிபுரியும் எல்லோரும் அதைப் பகிர்கிறார்கள். புதுப்பிக்கும் பொறுப்பு உரிமையாளரிடம் இருக்கிறது, அவர் ஓராண்டு விட்டுவிட்டால் மருத்துவருக்குத் தெரியக்கூட வாய்ப்பில்லை. தண்டையார்பேட்டைக் கிளினிக்குக்கும் திருவொற்றியூர் நர்சிங் ஹோமுக்கும் ராயபுரத்து பாலிசி ஒட்டாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவர் சங்கங்கள் நடத்தும் பாதுகாப்புத் திட்டங்களின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. உறுப்பினர்கள் போடும் சந்தாவிலிருந்து உருவாகும் பொது நிதி அது. அதே துறை மூத்தவர்கள் கேஸ் ஷீட்டைப் படித்து, எங்கே பலம், எங்கே பலவீனம் என்று சொல்வார்கள். நிபுணர் கருத்துக்கு ஆள் தேடி அலைய வேண்டாம். காவல் நிலையத்துக்கு அழைப்பு வந்தால் உடன் வர ஒருவர் இருப்பார். ஒரு மரணம் நேர்ந்து, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 106ஆம் பிரிவில் வழக்குப் பதிவானால், பதிவு பெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்க முடியும். கடுமையான கவனக்குறைவு இருந்தால்தான் குற்ற வழக்கு நிற்கும் என்றும், சுதந்திரமான மருத்துவக் கருத்தைப் பெற்றே விசாரணை அதிகாரி மேலே செல்ல வேண்டும் என்றும் 2005ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அந்த நேரத்தில் நிலையத்தில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் பிரிவு அந்த வேலையைச் செய்யாது.

பலவீனம் என்னவென்றால், தானே நிதி திரட்டி நடத்தும் திட்டம் காப்பீட்டு ஒப்பந்தம் அன்று. எவ்வளவு, எப்போது கொடுப்பது என்பதைத் திட்டத்தின் விதிகளும் குழுவும் முடிவு செய்கின்றன. நிதி வற்றினால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடம் போய் முறையிடவும் முடியாது. திட்டத்துக்குப் பின்னால் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் குழு பாலிசி இருக்கிறதா என்பதைக் கேளுங்கள். இருந்தால் கதை வேறு.

ஆண்டுக் கட்டணத்துக்குச் சட்ட உதவி தரும் தனியார் நிறுவனங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவர்கள் தருவது வக்கீல். இழப்பீடு தருவது, கட்டணத்தோடு இணைத்திருந்தால், வேறொரு காப்பீட்டு நிறுவனம். அந்த பாலிசி உங்கள் கைக்கு வந்து, அதில் உங்கள் பெயர் இருந்தாலன்றிக் கையெழுத்திட வேண்டாம்.

செலவுக் கணக்கில் ஒரு சிறு செய்தி. பிரீமியத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு இருப்பதால் அதைத் திரும்பப் பெற வழியில்லை. முறையாகக் கணக்கு எழுதுபவர் பிரீமியத்தைத் தொழிற்செலவாகக் கழிக்கலாம். வரவில் பாதியை லாபமாகக் காட்டும் எளிய முறையைத் தேர்ந்தவருக்கு அந்தக் கழிவு தனியே கிடைக்காது.

ஆகவே நம் மகப்பேறு மருத்துவருக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் சொந்தப் பெயரில், 1:1 விகிதத்தில், இடைவெளியின்றிப் புதுப்பிக்கும் பாலிசி, அதன்மேல் சங்கத் திட்டம், இரண்டு நர்சிங் ஹோம்களிலும் அவர்களுடைய பாலிசியின் நகலை ஆண்டுதோறும் கேட்டு வாங்கி, வந்து போகும் மருத்துவரின் பொறுப்பு அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்தல். அப்படி நகல் கேட்ட ஒரு மருத்துவரிடம் நர்சிங் ஹோம் நிர்வாகி முகம் சுளித்தாராம். அந்த நிர்வாகியிடம் இரண்டாம் முறை எழுத்தில் கேட்கும்படி மருத்துவரிடம் சொல்லியிருக்கிறேன்.