ஜீரோ கேட் வரிசையில் மட்டும் தட்டிய வண்டி

2018-இல் வாங்கிய எங்கள் டிரெய்லர் வண்டி எப்படி இருக்கிறது என்று, அதே மாடலைப் பழைய வண்டியாக விலை பேசிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். குதிரைத்திறன், கியர், வீல்பேஸ் எல்லாம் அவருக்கே தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன். எனக்குச் சொல்ல இருப்பது பதினான்கு மாதங்கள் என் தூக்கத்தைக் கெடுத்த ஒரு சத்தத்தைப் பற்றி மட்டுமே.

டீசல் எஞ்சின் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது, கொஞ்சம் கடகடக்கத்தான் செய்யும். இது அந்தக் கடகடப்பு அல்ல. பூட்டிய ஷட்டரை உள்ளேயிருந்து சுத்தியலால் தட்டுவதுபோல் கனத்த, தாளம் தவறாத 'டொக் டொக்'. சில நிமிடங்கள் அடிக்கும். பிறகு சட்டென்று நின்றுவிடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் இரைச்சலில் அமுங்கிப்போகும். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில், சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் என்ற நுழைவாயிலை நோக்கிப் பத்தடி பத்தடியாக நகரும் கன்டெய்னர் வரிசையில் மாட்டிக்கொண்டால் மட்டும் தவறாமல் வரும்.

"கேட்டு பக்கத்துல போனாதான் அடிக்குது அண்ணே" என்று ஓட்டுநர் சொன்னார். வண்டிக்குக் கேட் எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்று கேட்டு நான் சிரித்தேன். அன்று சிரிக்காமல் யோசித்திருந்தால் ஒன்றரை லட்சம் மிஞ்சியிருக்கும்.

ஐடிலிங்கில் கனமான தட்டல் என்றதும் யாருக்கும் பேரிங் பயம்தான் முதலில் வரும். ஆயில் பிரஷர் சரியாக இருந்தது. கிளட்சை மிதித்தாலும் சத்தம் மாறவில்லை என்பதால் ரிலீஸ் பேரிங் மீதான சந்தேகம் போனது. டேப்பட் கேப், அதாவது வால்வு இடைவெளியைப் பார்த்து வைத்தோம். பழைய ஆயில் ஃபில்டரை அறுத்துப் பிரித்து மடிப்பு மடிப்பாகத் தேடியும் பேரிங்கிலிருந்து உதிர்ந்த பொடி எதுவும் சிக்கவில்லை. இத்தனைக்குப் பிறகும் சத்தம் அப்படியே இருந்ததால் சர்வீஸ் சென்டருக்குப் போனோம்.

அங்கே முதல் இரண்டு முறை வண்டி வாயே திறக்கவில்லை. ஓட்டி வந்து நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கேபினைத் தூக்கி, மறுபடி ஸ்டார்ட் செய்து கேட்டால் தையல் மெஷின் மாதிரி ஓடியது. மூன்றாவது முறை தட்டியது. உடனே ஸ்கேனரை மாட்டி ஒவ்வொரு சிலிண்டராக டீசலை நிறுத்திப் பார்த்தார்கள். முதலாவதை நிறுத்தியபோது மாற்றமில்லை, இரண்டாவதிலும் இல்லை, மூன்றாவதை நிறுத்திய அதே நொடியில் சத்தம் நின்றது. அங்கிருந்த அத்தனை பேர் முகத்திலும் வெளிச்சம். அந்த நொடியில் வண்டிக்கு அடியில் 'புஸ்' என்று காற்று வெளியேறியதை நானும் கேட்டேன், அவர்களும் கேட்டார்கள். லாரியில் அந்தச் சத்தத்தை யார் பொருட்படுத்துகிறார்கள்? அந்தச் சிலிண்டருக்கு டீசல் பீய்ச்சும் மூன்றாவது இன்ஜெக்டரை மாற்றினார்கள். நான்கே நாளில் தட்டல் திரும்பியது. ஒன்று புதிது, ஐந்து பழையது என்றால் சமன் வராது என்று சொல்லி மற்ற ஐந்தையும் மாற்றினார்கள். மொத்தம் 1,62,000 ரூபாய். அடுத்த வாரமே ஜீரோ கேட் வரிசையில் 'டொக் டொக்'.

கடைசியில் மாதவரத்தில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனோம். மற்றவர்கள் எல்லோரும் சத்தம் எப்போது வருகிறது என்று கேட்டார்கள். அவர் எப்போது நிற்கிறது என்று கேட்டார். பதிலுக்குக்கூடக் காத்திராமல், ஐடிலிங்கில் ஓடும் வண்டியில் ஏறி பிரேக்கை ஏழெட்டு முறை மிதித்துக் காற்றை இறக்கினார். காற்றழுத்த மீட்டரின் முள் 8 பாரிலிருந்து இறங்கி 6-க்கு வந்தபோது தட்டல் தொடங்கிவிட்டது. கீழே வந்து நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஏர் கம்ப்ரஸர் மேல் ஊன்றி, மரப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு என் காதில் வைத்தார். மண்டைக்குள் அடிப்பதுபோல் இருந்தது. முள் மறுபடி 8-ஐத் தொட்டது, 'புஸ்' என்றது, தட்டல் நின்றது. "எஞ்சின் சுத்தமா இருக்கு சார், கத்துறது கம்ப்ரஸர்."

பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸர் இந்த வண்டியில் டைமிங் கியரோடு சேர்ந்து ஓடுகிறது. அதனால் அதன் சத்தம் எஞ்சின் பிளாக் முழுவதும் பரவி, பேரிங் போனதுபோல் கேட்கிறது. காற்று டாங்கில் இருக்கும் அழுத்தத்தை எதிர்த்துக் காற்றைத் தள்ளும்போதுதான், தேய்ந்துபோன அதன் கனெக்டிங் ராடு பேரிங் இடிக்கிறது. டாங்க் நிரம்பி காற்று வெளியே திறந்துவிடப்பட்டதும் சுமை இறங்கி அமைதியாகிவிடுகிறது. பத்தடிக்கு ஒருமுறை பிரேக் பிடிக்கும் துறைமுக வரிசையில் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். ஓடி வந்த வண்டியிலோ டாங்க் நிறைந்திருக்கும். கேபினைத் தூக்கியபோதெல்லாம் வண்டி ஊமையானதற்கும், மூன்றாவது சிலிண்டர் குற்றவாளியானதற்கும் அதுவே காரணம். ஓட்டுநர் சொன்னது சரி, வண்டிக்குக் கேட் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

கம்ப்ரஸரைப் பிரித்து பேரிங், ரிங், வால்வு மாற்றிய செலவு 9,400 ரூபாய். சர்வீஸ் சென்டரில் போய்ச் சொன்னபோது, பழைய இன்ஜெக்டர்களுக்கும் வயதாகித்தானே இருந்தது சார் என்றார்கள். அந்த நொடியில் நானும் ஏமாந்தேன் என்பதால் முதல் இன்ஜெக்டருக்கு அவர்களை மன்னிக்கிறேன். மற்ற ஐந்துக்கு மன்னிப்பதாக இல்லை.

வண்டியின் மேல் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. 3,80,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, எஞ்சின் ஹெட்டை இதுவரை கழற்றியதில்லை, லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டருக்குக் குறையவில்லை, நடுவழியில் நின்று மானத்தை வாங்கியதுமில்லை. நண்பர் பார்க்கப் போகும் வண்டியில் பிரேக்கை மிதித்துக் காற்றை இறக்கிவிட்டு, மறுபடி ஏறும்வரை பக்கத்தில் நின்று கேட்கட்டும். சத்தமே இல்லாவிட்டாலும், அந்த சர்வீஸ் சென்டரை நம்பி அந்த மாடலை வாங்க வேண்டாம் என்றுதான் அவரிடம் சொன்னேன். அப்படியானால் உன் வண்டியை எனக்கே கொடு என்றார். கொடுப்பதாக இல்லை.