அப்பனும் பிள்ளையும் ஒரே பாட்டிலில்: பாஸ்டுகிரேன், டோல், ஷெவெர்னி

பினோ நுவார், கமே என்ற இரண்டு திராட்சை வகைகள் கலந்த சிவப்பு ஒயின் என்றாலே, விற்காமல் கிடந்த மிச்சத்தைக் கலந்து தள்ளிவிடுகிறார்கள் என்ற சந்தேகம் வரும். எனக்கும் இருந்தது. மலிவு விலைத் தனிப் பினோக்கள் நான்கைந்து முறை வெறும் புளிப்புத் தண்ணீராக வாய்த்த பிறகுதான் இந்தப் பக்கம் வந்தேன். குளிர்ப் பகுதியில் வெயில் போதாத ஆண்டில் பினோ மெலிந்துவிடும். கமேயின் பழச்சுவை அதற்குக் கொஞ்சம் சதை போடுகிறது, அவ்வளவுதான் விஷயம். இரண்டும் அந்நியமும் இல்லை. 1999இல் வந்த மரபணு ஆய்வின்படி, பினோவுக்கும் கூவே பிளாங் என்ற மதிப்பில்லாத வெள்ளைத் திராட்சைக்கும் பிறந்த பிள்ளைதான் கமே.

பிரான்சின் பர்கண்டியில் இதற்குப் பெயர் பாஸ்டுகிரேன். 1937 முதல் இந்தப் பெயருக்குச் சட்டப்படி தனி அந்தஸ்து உண்டு. பினோ குறைந்தது 30 சதவீதம், கமே குறைந்தது 15 சதவீதம் இருக்க வேண்டும். தனித்தனியாக ஒயின் செய்து பிறகு கலப்பதில்லை, இரண்டு திராட்சையையும் ஒரே தொட்டியில் போட்டு நொதிக்க வைக்கிறார்கள், அதனால் இது பினோ, இது கமே என்று நாக்கில் பிரித்துச் சொல்வது கஷ்டம். வேடிக்கை என்னவென்றால் 1395இல் இதே பர்கண்டியின் கோமகன் இரண்டாம் பிலிப், கமேயைத் துரோகச் செடி என்று திட்டிப் பிடுங்கி எறியச் சொன்னார். போகட்டும். நல்ல கையில் இது எங்கே போகும் என்று பார்க்க, வோல்னே ஊரின் லாஃபார்ஜ் குடும்பம் பழைய கொடிகளிலிருந்து எடுப்பதைக் குடித்துப் பார்க்கலாம். சுமாரான கையில் துவர்ப்பும் புளிப்பும் முன்னால் வந்து நிற்கும், அதைச் சாப்பாடு இல்லாமல் குடிக்க முடியாது. பார்ஸ்லி போட்டு உறையவைத்த பன்றித்தொடை, சிவப்பு ஒயினில் வெந்த மாட்டிறைச்சி, இவற்றோடு வைத்தால் அந்தப் புளிப்பே கொழுப்பை அறுக்கிறது.

சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்து டோல் வேறு ரகம். இங்கே வழக்கமாகப் பினோதான் கூடுதல், ஆனால் குளிர் மலைப்பிரதேசம் என்று பெயரே தவிர, ரோன் பள்ளத்தாக்கில் ஃபோன் என்ற வெப்பக்காற்று வீசும், மழையும் குறைவு, மலையிலிருந்து வாய்க்கால் வெட்டி நீர் கொண்டுவந்த ஊர்கள். பழம் நன்றாகப் பழுக்கும். ஆகவே மூன்றில் உருண்டையான, முரண்டு பிடிக்காத ஒயின் இதுதான். காற்றில் உலர்த்திய வலே மாட்டிறைச்சி, காளான் இரண்டுக்கும் கச்சிதம். ராக்லெட் சீஸுக்கு மட்டும் ஊர்க்காரர்கள் ஃபாந்தான் என்ற வெள்ளை ஒயின் எடுப்பார்கள், அவர்கள் சொல்வதே சரி. ஏற்றுமதி மிகக் குறைவு, பெரும்பாலும் அவர்களே குடித்துவிடுகிறார்கள். சுவிஸில் இருக்கும் நம்மவர்கள் மிக்ரோ பல்பொருள் அங்காடியில் தேடி ஏமாற வேண்டாம், அங்கே மது விற்பதில்லை; கோப் கடைப் பக்கம் போங்கள். டோலில் துவர்ப்பு குறைவு என்பதால் உறைப்பான ஆட்டுக்கறியோடும் சண்டை போடாது. துவர்ப்பு கூடிய ஒயின் மிளகாயின் எரிச்சலை இன்னும் கிளப்பிவிடும்.

மூன்றாவது, பிரான்சின் லுவார் பகுதியின் ஷெவெர்னி. 1993இல்தான் அந்தஸ்து கிடைத்தது. மணலும் களியும் கலந்த மண், மெல்லிய உடம்பு, செர்ரி வாசனை. சில சமயம் கோ என்கிற மால்பெக் திராட்சையும் கொஞ்சம் சேரும். பக்கத்து ஊர் செல்-சூர்-ஷேர் ஆட்டுப்பால் சீஸ், கொழுப்பில் வெந்து பிரித்த பன்றி ரியெத், ரொட்டி, இது போதும். வாங்கினால் இரண்டு மூன்று ஆண்டில் முடித்துவிடுங்கள், பதுக்கி வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

என் கணக்கு இதுதான்: விருந்தாளிகளுக்கு டோல், வெயில் நாள் மதியத்துக்கு ஷெவெர்னி, தயாரிப்பாளர் பெயர் தெரிந்தால் மட்டும் பாஸ்டுகிரேன். தெரிந்துவிட்டால் மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம், கோத்தோ பூர்கிஞோன் என்று போட்ட பாட்டிலை இதுவும் அதே கலவைதான் என்று நம்பி வாங்காதீர்கள். பர்கண்டியில் 2011இல் வந்த பெயர் அது, உள்ளே முழுக்கக் கமேயாகவே இருந்தாலும் சட்டப்படி சரி. எதை வாங்கினாலும் குடிக்க அரை மணி நேரம் முன்பு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், 14 டிகிரி போதும்.