ஹட்டன் குளிரில் ஒரு சிவப்புக்காது ஆமை: ஆறு வருடத் தொட்டி அனுபவம்

ஜனவரி மாத அதிகாலையில் எங்கள் வீட்டு முன்னறை வெப்பமானி 13 பாகை காட்டும். அதே அறையில் என் ஆமை ராசாத்தியின் தொட்டித் தண்ணீர் 25 பாகையில் இருக்கும். இந்தப் பன்னிரண்டு பாகையைக் காப்பாற்றப் பழகத்தான் எனக்கு நாள் பிடித்தது. கொழும்பில் இருப்பவர்கள் சொல்லும் யோசனை நம் மலைக்குப் பாதிதான் பொருந்தும். அதனால்தான் எழுதுகிறேன்.

2019இல் தம்பி கொழும்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இவளைக் கொண்டு வந்தான். ஓடு மூன்று சென்றிமீற்றர் இருக்கும். இதற்கு மேல் பெரிதாக வளராது என்று கடையில் சொன்னார்களாம். அது உண்மையில்லை. மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து இனம் இது. பெண் ஆமையின் ஓடு 25 சென்றிமீற்றரையும் தாண்டும், நன்றாகப் பார்த்தால் இருபது முப்பது வருடம் வாழும். ராசாத்தி இப்போதே 22 சென்றிமீற்றர்.

முதல் தொட்டியைப் பார்க்க அழகாக இருந்தது. வண்ணக் கற்கள், பிளாஸ்டிக் தென்னைமரம், கடையில் 'ஆமை லைட்' என்று தந்த ஊதா நிற பல்ப். வெயில் படட்டும் என்று ஜன்னலோரம் வைத்தேன். எட்டாவது மாதம் ஓட்டின் ஓரத்தை விரலால் அழுத்தினால் தோடம்பழத் தோல்போல அமுங்கியது. கண் இமைகள் வீங்கி, சாப்பாட்டைத் தேடவே மாட்டாள். பயந்துபோய் பேராதனை மிருக வைத்திய பீடத்து வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். ஜன்னல் கண்ணாடி வழியே வெளிச்சமும் சூடும் வரும், எலும்புக்கும் ஓட்டுக்கும் வேண்டிய புறஊதா பி கதிர் வராது என்று அங்கேதான் தெரிந்தது. அந்தக் கதிர் இல்லாவிட்டால் உடம்பில் டி3 விற்றமின் உருவாகாது; டி3 இல்லாமல் எவ்வளவு கல்சியம் கொடுத்தும் உடம்பில் ஒட்டாது. அந்த ஊதா பல்பில் நிறம் மட்டும்தான் இருந்தது.

அன்றைக்கே தொட்டியை மாற்ற முடிவு செய்தேன். இப்போது இருப்பது நாலு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம். ஏறக்குறைய 300 லீற்றர் தண்ணீர். பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, அடிப்பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரு அங்குல ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) ஒட்டியிருக்கிறேன். நான் செலவழித்த காசில் அதிகம் பலன் தந்தது இந்த ரெஜிபோம்தான். ஒட்டுவதற்கு முன் ஹீட்டருக்கு மட்டும் மாதம் 90 அலகு போல ஓடியது. ஒட்டிய பிறகு ஐம்பதுக்குள் வந்தது. 300 வாட் ஹீட்டர் ஒன்றை வாங்காமல் 150 வாட்டில் இரண்டு போடுங்கள். ஒன்று செத்தால் மற்றது விடியும் வரை தாங்கும். ஒன்று நிற்காமல் ஓடினாலும் தண்ணீர் கொதித்துவிடாது. ஹீட்டரைச் சுற்றி பிளாஸ்டிக் கூடு கட்டாயம், இல்லையென்றால் ஆமை மோதி அதன் கண்ணாடி உடையும்.

வெயில் காயும் இடத்துக்குத் தேயிலை வேர்க்கட்டை வைத்தேன். பழைய தேயிலைச் செடிகளைப் பிடுங்கி மறுநடுகை செய்யும்போது விறகுக்குப் போகும் கட்டைதான். கல் போன்ற மரம், ஊறி உதிராது. ஆனால் அந்த மண்ணில் எத்தனை வருட மருந்தும் களைநாசினியும் இறங்கியிருக்கும்! பட்டையைச் சுரண்டி, இரண்டு தடவை அவித்து, பீலியில் வரும் ஊற்றுத் தண்ணீரில் ஆறு வாரம் ஊறப்போட்டேன். தேத்தண்ணி நிறம் முழுதாக விட்ட பிறகுதான் உள்ளே இறக்கினேன். தரையில் ஆற்றுக்கற்கள், ஒவ்வொன்றும் அவள் தலையைவிடப் பெரியது. சின்னக் கல்லை விழுங்கினால் குடல் அடைத்துவிடும்.

கட்டைக்கு மேலே சாதாரண ஹலஜன் பல்ப். அதன் கீழே 33 பாகை. பக்கத்தில் புறஊதா பி கதிர் தரும் டி5 வகை யுவிபி டியூப், 30 சென்றிமீற்றர் உயரத்தில், நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லாமல். பத்து மணி நேரம் எரியும். பன்னிரண்டு மாதத்தில் மாற்றிவிடுவேன். வெளிச்சம் அப்படியே இருந்தாலும் கதிர் குறைந்துபோகும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயில் உள்ள பகலில் முற்றத்துத் தொட்டிக்குக் கொண்டு போவேன், பாதிக்கு நிழல் போட்டு. உயரம் கூடக் கூட வெயிலின் புறஊதாவும் கூடும், அதனால் அரை மணி நேரமே நிறைய. மே மாதம் மழை பிடித்தால் செப்டம்பர் வரை டியூப்பை நம்பித்தான் வாழ்க்கை.

2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அதை மறக்க முடியாது. அப்பாயி கொழுந்தெடுக்கப் போன காலத்துக் கம்பளியை மடித்து வைத்திருந்தார். "நம்ம குளிரத் தாங்குனது, இதயும் தாங்கும், போத்து தாயி" என்று எடுத்துத் தந்தார். தொட்டியைச் சுற்றி அதைப் போர்த்தி, விறகடுப்பில் சுடவைத்த தண்ணீரைக் கண்ணாடிப் போத்தல்களில் நிரப்பித் தொட்டிக்குள் இறக்கினேன். தண்ணீர் 21 பாகைக்குக் கீழே போகவில்லை. அந்த நாட்களில் சாப்பாடு கொடுக்கவில்லை. உடம்பு குளிர்ந்தால் சமிபாடு நின்றுவிடும், தின்றது வயிற்றிலேயே அழுகும்.

சாப்பாடு: ஆமைத் தீனி, சலாது இலை, கங்குன் கீரை, எப்போதாவது துருவிய கரட். கணவாய் ஓடு ஒன்று எப்போதும் மிதக்கும். நெத்தலிக் கருவாடு வேண்டாம், உப்பு. ஆமையைத் தொட்டதும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆமைகளிடமிருந்து சால்மொனெல்லா கிருமி தொற்றும் என்பதால் அமெரிக்காவிலேயே 1975இல் நாலு அங்குலத்துக்குச் சிறிய ஆமைகளை விற்பதைத் தடை செய்தார்கள்.

இரண்டு விஷயம் மன்றாடிச் சொல்கிறேன். வளர்க்க முடியாவிட்டால் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் விட்டுவிடாதீர்கள். உலகின் மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களில் ஒன்றாக இதைப் பட்டியலிட்டிருக்கிறார்கள், நம் நாட்டு ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கதிர்காமம் போய் வரும்போது நட்சத்திர ஆமையைத் தூக்கி வராதீர்கள். அது சட்டப்படி குற்றம். வறண்ட காட்டில் பிறந்த அந்த உயிர் நம் பனியில் நெஞ்சுச்சளி பிடித்துச் சாகும். ஹோட்டன் சமவெளியில் மூக்கில் கொம்போடு இருக்கும் ஓணானையும் அங்கேயே பார்த்துவிட்டு வருவோம்.

போன வருடம் மார்ச்சில் ராசாத்தி சாப்பாட்டை நிறுத்தினாள். இரவெல்லாம் கண்ணாடியைப் பிராண்டினாள், பின்கால் இரண்டும் தண்ணீரைத் தோண்டுவதுபோல ஆடின. ஆண் துணை இல்லாமலும் பெண் ஆமை முட்டை இடும். மண் கிடைக்காவிட்டால் உள்ளேயே அடக்கி வைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். நான் கட்டிய தொட்டியில் எல்லாம் இருந்தது, மண் மட்டும் இல்லை. தம்பி அன்றைக்கே பலகைப் பெட்டி அடித்தான். மணலும் மண்ணும் கலந்து 25 சென்றிமீற்றர் ஆழத்துக்கு நிரப்பி, மேலே பல்ப் போட்டு, தொட்டியிலிருந்து ஏறிப்போகச் சரிவு வைத்தோம்.

மூன்றாம் நாள் மாலை ஏறினாள். மண்ணை மோந்து மோந்து ஒரு மூலையைத் தெரிந்தெடுத்தாள். தன் உடம்புத் தண்ணீரை விட்டு மண்ணை நனைத்தாள். பிறகு இடது பின்கால் ஒரு பிடி மண்ணை அள்ளி ஓரமாக வைக்கும், அது முடிந்ததும் வலது கால். திரும்பிப் பார்க்கவே இல்லை. இரண்டு மணி நேரம் நானும் அப்பாயியும் விளக்கை அணைத்துவிட்டு கதவுக்குப் பின்னால் நின்றோம். ஐந்து முட்டை. மூடி, வயிற்றால் அழுத்திச் சமப்படுத்திவிட்டு, தேயிலைக் கட்டைக்குப் போய்ப் பின்கால்களை நீட்டிப் படுத்தாள். மறுநாள் காலை சலாது இலையைக் கையிலிருந்தே பிடுங்கித் தின்றாள். பெட்டி இப்போதும் அங்கேயே இருக்கிறது.