ஆன்சிபிளுக்குத் துணை எது: எஸ்என்எம்பியா, நெட்கான்ஃபா?

கிளை அலுவலக சுவிட்சுகளின் கன்ஃபிக் (அமைப்பு விவரங்கள்) வேலையை ஆன்சிபிள் என்ற தானியங்கிக் கருவியிடம் ஒப்படைப்பது என்று முடிவானபோது, அது எந்த நெறிமுறையில் சாதனங்களோடு பேசுவது என்ற கேள்வி வந்தது. நெட்வொர்க் சாதனங்களைக் கண்காணிக்கப் பயன்படும் எஸ்என்எம்பி ஏற்கெனவே எல்லாப் பெட்டியிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் கன்ஃபிகை மாற்றுவதற்கென்றே உருவான நெட்கான்ஃபைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன்.

பாதுகாப்பைப் பற்றி நீட்டத் தேவையில்லை. எஸ்என்எம்பியின் 3ஆம் பதிப்பில் குறியாக்கம் உண்டு. முந்தைய பதிப்புகளில் கடவுச்சொல் போன்ற கம்யூனிட்டி சொல் அப்படியே வெளிப்படையாகப் போகும். நெட்கான்ஃப் எஸ்எஸ்எச் என்ற குறியாக்கப்பட்ட இணைப்பின் மேல், 830ஆம் போர்ட்டில் ஓடுகிறது.

கண்காணிப்பிலிருந்து எஸ்என்எம்பியை நான் இன்னும் நீக்கவில்லை, நீக்கவும் மாட்டேன். 1988இல் வந்த நெறிமுறை. யூபிஎஸ், பிரிண்டர் வரை அதற்குப் பதில் சொல்லும். ஜாபிக்ஸ், லிப்ரஎன்எம்எஸ் ஆகிய கண்காணிப்பு மென்பொருள்கள் இரண்டுமே அதை நன்றாகப் புரிந்துகொள்ளும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரு கிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால், கடந்துபோன பைட்டுகளை எண்ணும் 32 பிட் எண்ணி சுமார் 34 விநாடியில் நிரம்பிப் பூஜ்யத்துக்குப் போய்விடும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் கருவி அப்போது பொய்யான வரைபடம்தான் போடும். 64 பிட் எண்ணியைக் கேட்கும்படி அமையுங்கள்.

கன்ஃபிக் மாற்றம் என்று வந்தால் கதை வேறு. எஸ்என்எம்பி கண்காணிப்புக்குச் சரி, கன்ஃபிகுக்குச் சரிப்படவில்லை என்று 2002இல் நடந்த ஐஏபி (இணையக் கட்டமைப்பு வாரியம்) பட்டறையிலேயே நெட்வொர்க் நடத்துபவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆர்எஃப்சி (இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசை) 3535 அதன் பதிவு. நெட்கான்ஃப் அந்தக் குறையிலிருந்து பிறந்து 2006இல் ஆர்எஃப்சி 4741 ஆக வந்தது. 2011இல் 6241 ஆகத் திருத்தப்பட்டது.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: மாற்றம் தவறிப்போனால் சாதனம் தானே பழைய நிலைக்குத் திரும்புமா? தொலைவில் இருக்கும் சுவிட்சில் விலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரிக்கப்பட்ட தனி நெட்வொர்க்) மாற்றுகிறீர்கள், அந்த மாற்றமே நீங்கள் உள்ளே வரும் வழியை அடைத்துவிடுகிறது என்று வையுங்கள். எஸ்என்எம்பியில் ஒரே செட் (மதிப்பை மாற்றும்) கோரிக்கைக்குள் இருப்பவை எல்லாம் சேர்ந்து நடக்கும், அல்லது எதுவும் நடக்காது. ஆனால் மாற்றம் பல கோரிக்கைகளாகப் பிரிந்தால் பாதியில் நின்றதைச் சரிசெய்ய நெறிமுறையில் வழியில்லை. கன்சோல் கேபிளோடு யாராவது அங்கே போக வேண்டியதுதான்.

நெட்கான்ஃபில் மாற்றங்களை முதலில் கேண்டிடேட் கன்ஃபிக் என்ற வரைவில் எழுதி, சரிபார்த்து, 'உறுதி கேட்கும் கமிட்' (கன்ஃபர்ம்ட் கமிட்) கொடுத்து நடைமுறைக்குக் கொண்டுவரலாம். குறித்த நேரத்துக்குள் இரண்டாவது கமிட் வராவிட்டால் சாதனம் பழைய கன்ஃபிகுக்குத் திரும்பிவிடும். நேரம் குறிப்பிடாவிட்டால் 600 விநாடி. ஆன்சிபிளின் நெட்கான்ஃப் மாட்யூலில் இதற்கான விருப்பங்கள் தயாராகவே இருக்கின்றன. ஒரு நுணுக்கம்: முதல் கமிட் கொடுத்த இணைப்பு இடையில் அறுந்தால், நேரம் முடியும் முன்பே மாற்றம் ரத்தாகும். வேறொரு இணைப்பிலிருந்து உறுதி செய்ய வேண்டுமென்றால் 'பெர்சிஸ்ட்' அடையாளம் சேர்த்து அனுப்ப வேண்டும். இரவு நேர மாற்றங்களை இப்போது நான் பயமில்லாமல் ஓட்டுவது இந்த ஒரு வசதியால்தான்.

செலவும் உண்டு. கன்ஃபிகின் வடிவத்தை விவரிக்கும் யாங் மாதிரிகளைப் படித்துப் பழகவே நேரம் பிடிக்கும். நெட்கான்ஃப் செய்திகள் எழுதப்படும் எக்ஸ்எம்எல் கண்ணுக்கு இதமான எழுத்தல்ல. ஒவ்வொரு நிறுவனமும் தன் மாதிரியைத் தனியாக வைத்திருப்பதால் பிளேபுக்கும் (ஆன்சிபிள் செய்ய வேண்டிய வேலைகளின் கோப்பு) தனித்தனியாக எழுத நேர்கிறது. பல நிறுவனச் சாதனங்களுக்கும் பொதுவான ஓப்பன்கான்ஃபிக் மாதிரிகளை நான் சிறிய அளவில்தான் பயன்படுத்தியிருக்கிறேன், ஜிஎன்எம்ஐ என்ற இன்னொரு மேலாண்மை நெறிமுறையைச் சோதனைக்கூடத்தில் மட்டும். அதனால் அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

வாங்கும் முன் விற்பவரிடம் 'நெட்கான்ஃப் இருக்கிறதா' என்று கேட்டால் போதாது. இணைந்தவுடன் தன்னிடம் உள்ள வசதிகளைப் பட்டியலிட்டுச் சாதனம் அனுப்பும் ஹலோ செய்தியைக் காட்டச் சொல்லுங்கள். அதில் கேண்டிடேட், கன்ஃபர்ம்ட் கமிட் இரண்டும் இருக்க வேண்டும். சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்இ போன்ற சாதன இயங்குதளங்களில் கேண்டிடேட்டைத் தனியாக இயக்க வேண்டியிருக்கும். ஜூனிப்பரில் அது இயல்பாகவே உண்டு.