திசையில்லா கிரைண்டிங்: ஹட்டன் பட்டறையில் நீண்டநாள் பாவித்த பிறகு

பேக்கரி மேசை, ரொட்டிக் கடை கவுண்டர், ஸிங்க் என்று ஸ்டெயின்லஸ் தகட்டில் செய்து கொடுக்கிற எல்லாவற்றுக்கும் சில வருடங்களாக ஓர்பிட்டல் சேண்டர் (தேய்ப்பு வட்டு மாட்டிய கை மெஷின்) ஃபினிஷ்தான், அதாவது எந்தத் திசையிலும் வரி ஓடாத மேற்பரப்புத்தான் போடுகிறேன். முன்பு எல்லாரும் கேட்டது நீளவாக்கில் வரி ஓடுகிற பிரஷ் ஃபினிஷ். புதிதில் அதன் அழகே தனி. ஆனால் தட்டை இழுத்து வரிக்குக் குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் வாசலில் நிற்பவருக்கே தெரியும், அதைச் சரிசெய்ய ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அதே திசையில் திரும்ப இழுக்க வேண்டும், நடுவில் மட்டும் தேய்த்தால் அந்த இடம் திட்டாக நிற்கும்.

சேண்டரின் வட்டு சுற்றிக்கொண்டே ஆடவும் செய்வதால் கீறல்கள் எல்லாப் பக்கமும் பொடிப்பொடியாக விழுகின்றன, வெளிச்சம் ஒரே பக்கமாகத் தெறிப்பதில்லை. பாவனையில் விழும் சின்னக் கீறல்கள் அதற்குள்ளேயே கலந்துவிடும். ஆழமாகப் பட்டாலும் அந்த இடத்தை மட்டும் தேய்த்துக் கலக்கலாம், கடையை மூட வேண்டியதில்லை. மூலையில் வெல்டிங் செய்த இடத்துக்கும் இதுதான் வசதி, இரண்டு தகடு 90 பாகையில் சந்திக்கும்போது வரியை எந்தப் பக்கம் திருப்புவது என்ற தலைவலியே இல்லை.

சரி, வேலை எப்படி? வெல்டிங் மேட்டை ஃபிளாப் டிஸ்க்கால் (உப்புத்தாள் துண்டுகள் அடுக்கிய கிரைண்டர் வட்டு) இறக்கிவிட்டு, சேண்டர் வட்டின் நம்பரில் 80, 120, 180 என்று போகிறேன், நம்பர் கூடக் கூட மணல் பொடியாகும். நடுவில் ஒன்றைத் தாவினால் பழைய ஆழக் கீறல் அடியில் அப்படியே கிடக்கும், கழுவிய பிறகுதான் கண்ணில் படும். ஒவ்வொரு நம்பருக்கும் நடுவில் தூசியைத் துடைத்தே ஆக வேண்டும். வட்டுக்கு அடியில் ஒரு மணல் மாட்டினாலும், மெஷினைச் சாய்த்துப் பிடித்தாலும் சுருள் சுருளாகக் கீறல் வரும், அதை எடுக்க மறுபடி கீழ் நம்பருக்குத்தான் இறங்க வேண்டும். அழுத்தவும் கூடாது, மெஷினின் பாரமே போதும். 304 என்ற வகை ஸ்டெயின்லஸ் தகடு சாதாரண இரும்பைப் போல சூட்டைக் கடத்தாது, மூன்றில் ஒரு பங்குதான், அதனால் 1.2 மில்லிமீற்றர் தகடு சூடேறி நெளிந்துவிடும்.

உணவு படும் இடத்துக்கு மேற்பரப்பின் கரடு 0.8 மைக்ரோமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. பேக்கரி மேசை என்றால் நான் 240 வரை போய்விடுவேன், மாவு பிடிக்காது, கழுவவும் லேசு.

இங்கே பனியும் ஈரமும் அதிகம், ஆகவே இதை அழுத்திச் சொல்கிறேன்: இரும்பில் ஓட்டிய டிஸ்க்கை ஸ்டெயின்லஸில் வைக்கவே வேண்டாம். இரும்புத் துகள் தகட்டில் பதிந்து கொஞ்ச நாளிலேயே பழுப்புப் புள்ளி போடும், வாடிக்கையாளர் தகடு தரம் குறைந்தது என்று நினைப்பார். என் பட்டறையில் இரண்டுக்கும் டிஸ்க் பெட்டி வேறு வேறு.

குறை என்றால், ஸிங்க்கின் உள்மூலைக்குள் வட்டு போகாது, அங்கே நார்ப் பேடால் கையால்தான் தேய்க்க வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். அப்புறம், கடையின் முகப்புத் தகட்டுக்கு யாராவது கேட்டால் இப்போதும் பிரஷ் ஃபினிஷைத்தான் சொல்வேன், அங்கே யாரும் தட்டை இழுப்பதில்லை.