சுங்கை சிப்புட் ஐக்கிடோ வகுப்பு: இணைக்காக யாரும் விழுந்து கொடுப்பதில்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பொது மண்டபம் ஒன்றில் வாரம் இருமுறை நடைபெறும், ஐக்கிடோ என்னும் ஜப்பானியத் தற்காப்புக் கலை வகுப்பில் 8 மாதங்களாகப் பயின்று வருகிறேன். மாதக் கட்டணம் 60 ரிங்கிட். பாய்கள் பழையவை, மழை பெய்தால் ஒரு மூலை ஈரமாகிவிடும். ஆயினும் இவ்வகுப்பை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

முன்பு வேறோர் ஊரில் நான் பயின்ற இடத்தில், தாக்கும் பொறுப்பிலுள்ள உக்கே என் தலைக்கு ஒரு சாண் தள்ளிக் கையை இறக்கி, அதை அப்படியே நீட்டியபடி நிற்பார். நான் மணிக்கட்டைத் தொட்டதும் தாமாகவே சுழன்று விழுவார். என் உத்தி பலித்துவிட்டதாக 2 ஆண்டுகள் நம்பியிருந்தேன். இங்கு வந்த முதல் நாள், சிலம்பம் பழகிய தோட்டத்து இளைஞர் ஒருவர் ஷோமென்உச்சி என்னும் உச்சந்தலை வெட்டை நேராக இறக்கியபோது, விலகத் தெரியாமல் நின்றேன். அவர் கை என் நெற்றியில் வந்து பதிந்தது. மெதுவாகத்தான் அடித்தார், ஆனால் குறி தப்பவில்லை.

வேகத்தைக் குறைக்கலாம், குறியை மாற்றக்கூடாது என்பதே எங்கள் மாஸ்டரின் விதி. நிலை குலையாமல் உக்கே விழவும் கூடாது. எதிராளியை நோக்கி நுழைந்து வீழ்த்தும் இரிமிநாகே உத்தியில் என் கை அவர் கழுத்தருகே சென்ற பின்பும் அவர் காலூன்றி நின்றால், நான் நுழைந்த கோணத்தை அங்கேயே நின்று சரிபார்க்க வேண்டும்.

எதிர்ப்பும் போலியாகலாம் என்பதை இங்குதான் உணர்ந்தேன். அடுத்து வருவது மணிக்கட்டைத் திருப்பி வீழ்த்தும் கோத்தேகாயேஷி என்று தெரிந்துகொண்டு மணிக்கட்டை முன்கூட்டியே இறுக்குபவர், தாக்குவதை விட்டுவிட்டு விடையைக் காவல் காக்கிறார். அப்போது மாஸ்டர் உத்தியை மாற்றச் சொல்வார். ஒரு பக்கம் இறுகிய கை மறுபக்கம் எளிதாகத் திரும்பிவிடுகிறது.

ஐக்கிடோவை உருவாக்கிய மொரிஹெய் உயெஷிபா (1883–1969) போட்டிகளை ஏற்கவில்லை. ஜூடோவிலும் தேர்ந்த அவருடைய மாணவர் கென்ஜி தொமிகி, பயிற்சி முன்தீர்மானமாகிவிடக் கூடாது என்று கருதி, போலிக் கத்தியுடன் ஒருவர் தாக்கும் போட்டி முறையைப் பின்னர் வகுத்தார். எங்கள் வகுப்பில் போட்டி இல்லை. ஆனால் மாதக் கடைசி வெள்ளியன்று, யார் எப்படித் தாக்குவார் என்று முன்னறிவிக்காத ரண்டோரி என்னும் பயிற்சி உண்டு. அன்றுதான் என் கால்கள் உண்மையில் எங்கே நிற்கின்றன என்று எனக்குத் தெரிகிறது.

மாதத்திற்கு ஒருமுறை போதாது என்பதே என் குறை. நாங்கள் பன்னிருவரே என்பதால், இடது தோளைத் தாழ்த்திவிட்டுத் தாக்குபவர் யார் என்பதுகூட எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது. புதியவர்கள் வந்தால் அந்தப் பழக்கம் உடையும். அவர்களுக்கு முதல் 2 மாதங்கள் பெரும்பாலும் உக்கெமி, அதாவது பாதுகாப்பாக விழும் பயிற்சிதான். அதை முடிக்காத எவரையும் மாஸ்டர் ரண்டோரிக்கு அனுமதிப்பதில்லை.