ஜான் ஹௌலண்ட் பொண்டாட்டி யார் வீட்டு பொண்ணு? ஆன்லைன் மரம், பழைய குடும்ப புக், உயில், டிஎன்ஏ – எது எதுக்கு உதவும்

அமெரிக்காவுல காலனி காலத்துல போய் குடியேறின ஒரு ஆளோட வம்சத்தை தேடணும்னா இன்னைக்கு வழி இல்லாம இல்ல, வழி அதிகமா இருக்கறதுதான் தலைவலி. ஆன்லைன் குடும்ப மரம் இருக்கு, நூறு வருஷத்துக்கு மேல பழசான குடும்ப வரலாறு புக்கெல்லாம் ஸ்கேன் பண்ணி சும்மா கிடக்கு, ஆராய்ச்சி பண்றவங்க அடிக்குறிப்போட போட்ட தொகுப்பு இருக்கு, ஒரிஜினல் உயிலும் பத்திரமும் இருக்கு, எச்சில் எடுத்து டப்பால போட்டு அனுப்பினா டிஎன்ஏ ரிசல்ட் வருது. பொதுவா எது பெஸ்ட்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. அதனால ஒரே ஆளை எடுத்து, எல்லா வழிகிட்டயும் ஒரே கேள்வியை கேட்டு பார்த்துடலாம்.

ஆள் ஜான் ஹௌலண்ட். 1620-ல இங்கிலாந்துல இருந்து ப்ளிமத் காலனிக்கு ஆளுங்களை கொண்டு வந்த மேஃப்ளவர் கப்பல்ல, அந்த காலனியோட முதல் கவர்னரான ஜான் கார்வர்ங்கிறவரோட வேலையாளா வந்தவர். நடுக்கடல் புயல்ல கப்பல்ல இருந்து தவறி விழுந்து, பாயை ஏத்தி இறக்கற கயிறு ஒண்ணு தண்ணில இழுபட்டுட்டு வந்ததால அதை பிடிச்சு தொங்கி உயிர் பிழைச்சவர். அந்த கயிறு மட்டும் கைக்கு சிக்கலன்னா ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் இல்ல, ரெண்டு புஷ்ஷும் இல்ல, மூணு பேருமே இவரோட வம்சம். இவர் பொண்டாட்டி பேர் எலிசபெத், இது எல்லாருக்கும் தெரியும். கேள்வி என்னன்னா, எலிசபெத் யார் வீட்டு பொண்ணு?

முதல்ல பழைய புக். 19ஆம் நூற்றாண்டு பாதி வரைக்கும் குடும்பத்துல வழிவழியா சொல்லிட்டு வந்த கதை என்னன்னா, எலிசபெத் கவர்னர் கார்வரோட பொண்ணு, இல்லன்னா பேத்தி. வேலையாள் முதலாளி பொண்ணை கட்டிக்கிட்டான்னா கேக்க நல்லாத்தானே இருக்கு, கவர்னர் வம்சம்னு வேற சொல்லிக்கலாம். ஆனா ப்ளிமத் கவர்னர் வில்லியம் ப்ராட்ஃபோர்ட் தன் கையால எழுதி வெச்ச வரலாறு, அமெரிக்க புரட்சி சமயத்துல காணாம போனது, 1855-ல லண்டன் பிஷப்போட ஃபுல்ஹாம் மாளிகை லைப்ரரில இருக்குன்னு தெரியவந்து 1856-ல அச்சாச்சு. அதோட கடைசில கப்பல்ல வந்தவங்க யார் யாரு, முப்பது வருஷம் கழிச்சு அவங்க குடும்பம் என்ன ஆச்சுன்னு ஒரு பட்டியல் இருக்கு. அதுல ஜான் டில்லியும் அவர் மனைவியும் கரை இறங்கின கொஞ்ச நாள்லயே செத்துப் போனாங்க, அவங்க பொண்ணு எலிசபெத்தை ஜான் ஹௌலண்ட் கட்டிக்கிட்டார், பத்து பிள்ளைங்க, எல்லாரும் உயிரோட இருக்காங்கன்னு தெளிவா எழுதியிருக்கு. கார்வர் கதை அங்கயே முடிஞ்சு போச்சு. ஆனா அதுக்கு முன்னாடி எழுதினதும் அதை பார்த்து காப்பி அடிச்சதும் இன்னும் சுத்திட்டுதான் இருக்கு.

அதுக்காக பழைய குடும்ப புக்கெல்லாம் குப்பைன்னு தூக்கி போட்டுடாதீங்க. 1885-ல நியூ பெட்ஃபோர்டுல வந்த ஹௌலண்ட் குடும்ப புக்கு மாதிரியானதுல கடைசி மூணு தலைமுறைதான் சரக்கு, ஏன்னா எழுதினவங்க உயிரோட இருந்த சொந்தக்காரங்களுக்கே லெட்டர் போட்டு கேட்டு வாங்கினது. முதல் தலைமுறையும் அதுக்கு முந்தின இங்கிலாந்து கதையும்தான் நம்ப முடியாது. அதுலயும் குஸ்தாவ் அஞ்சூன்னு ஒருத்தர் இருந்தார், பணக்கார குடும்பங்களுக்கு காசு வாங்கிட்டு இல்லாத உயிலையும் இல்லாத சர்ச் பதிவையும் சொந்தமா உருவாக்கி பிரபுக்கள் வம்சம் வரைக்கும் கொண்டுபோய் சேர்த்து விட்டவர், அவர் செஞ்ச வேலை இன்னைக்கும் பல புக்குல அப்படியே உக்காந்திருக்கு.

ஆன்லைன் மரத்துக்கு வருவோம். ஃபேமிலிசெர்ச்ல உலகத்துக்கே ஒரே மரம், யார் வேணா உள்ள போய் மாத்தலாம், இலவசம். ஆன்செஸ்ட்ரில ஆளாளுக்கு தனி மரம், ஆனா அது காட்டற குறிப்பை க்ளிக் பண்ணா அடுத்தவன் தப்பும் சேர்ந்து நம்ம மரத்துக்கு வந்துடும். நூறு மரத்துல ஒரே தகவல் இருந்தா நூறு சாட்சின்னு நினைக்காதீங்க, ஒரு ஆள் சொன்னதை தொண்ணூத்தொன்பது பேர் திருப்பி சொல்றதுதான் அது. விக்கிட்ரீ மட்டும் 1700-க்கு முன்னாடி பிறந்தவங்க பக்கத்தை தொடணும்னா விதிமுறை படிச்சு தனியா தகுதி வாங்கணும்னு வெச்சிருக்காங்க, அதனால காலனி கால ஆளுங்களுக்கு மூணுல அதுதான் கொஞ்சம் தேவலை.

நம்ம கேள்விக்கு பொதுவா மரங்கள் இப்ப சரியான பதிலே சொல்லும், எலிசபெத் டில்லி. அதுக்கு ஒரு படி மேல போங்க, எலிசபெத்தோட அம்மா யாருன்னு கேளுங்க, அங்கதான் கூத்து. பிரிட்ஜெட் வான் டெர் வெல்டேன்னு ஒரு டச்சு பொண்ணு பேர் வரும். நெதர்லாந்து லெய்டன் ஊர்ல இருந்த வேற ஒரு ஜான் டில்லியை இவரோட போட்டு குழப்பினதால வந்த பேர் அது. 1976-லயே தி அமெரிக்கன் ஜீனியாலஜிஸ்ட் பத்திரிகைல இங்கிலாந்து பெட்ஃபோர்ட்ஷயர் ஹென்லோ கிராமத்து சர்ச் பதிவை வெச்சு, அம்மா ஜோன் ஹர்ஸ்ட், 1596-ல டில்லியை கட்டிக்கிட்டாங்க, எலிசபெத்துக்கு 1607 ஆகஸ்ட் 30 ஞானஸ்நானம்னு போட்டு முடிச்சுட்டாங்க. இருந்தாலும் பிரிட்ஜெட் பாட்டி பல மரத்துல சாகாம இருக்காங்க.

தேதில இன்னொரு கண்ணி இருக்கு. ஜான் ஹௌலண்ட் உயில் எழுதினது 1672 மே 29. செத்தது பிப்ரவரி 23, 1672-ன்னு ஒரு மரத்துல பார்த்தா மனுஷன் செத்து மூணு மாசம் கழிச்சு எழுந்து வந்து உயில் எழுதினாரான்னு தோணும். விஷயம் என்னன்னா 1752 வரைக்கும் இங்கிலாந்துலயும் அதோட காலனிலயும் வருஷப் பிறப்பு மார்ச் 25, அதனால அந்த பிப்ரவரி அவங்க கணக்குல 1672, நம்ம கணக்குல 1673. ஒழுங்கா எழுதறவங்க 1672/3-ன்னு போடுவாங்க. ஒரு மரத்தை நம்பலாமா வேண்டாமான்னு பார்க்க நான் முதல்ல பார்க்கறதே இந்த சாய்கோடு இருக்கான்னுதான்.

ஆராய்ச்சி தொகுப்புன்னா ரெண்டு பெரிய தலை. நியூ இங்கிலாந்துக்கு, அதாவது ப்ளிமத் இருக்கற அமெரிக்க வடகிழக்கு பகுதிக்கு, 1620-ல இருந்து 1640 வரைக்கும் வந்த சுமார் 20,000 பேரை ஒவ்வொருத்தரா அலசணும்னு ராபர்ட் சார்ல்ஸ் ஆண்டர்சன் 1988-ல ஆரம்பிச்ச க்ரேட் மைக்ரேஷன் ப்ராஜெக்ட் ஒண்ணு, பாஸ்டன்ல 1845-ல இருந்து இருக்கற நியூ இங்கிலாந்து வம்சாவளி சொசைட்டிதான் நடத்தினது. இன்னொண்ணு மேஃப்ளவர்ல வந்தவங்க வம்சத்தாரோட சங்கமான மேஃப்ளவர் சொசைட்டி போடற அஞ்சு தலைமுறை புக்கு, அட்டை கலர வெச்சு சில்வர் புக்குன்னு கூப்பிடுவாங்க. இதுல என்னை மயக்கினது என்னன்னா எது ஆதாரம் இல்லாததோ அதையும் சொல்லி, இந்த தப்பு எங்க இருந்து வந்ததுன்னும் சொல்லி வெப்பாங்க. நேரம் கம்மியா இருக்கறவங்க இங்க இருந்து ஆரம்பிங்க, வேற பேச்சே இல்ல. குறைன்னா, க்ரேட் மைக்ரேஷன்ல ஆண்டர்சன் விரிவா போட்டது 1635 வரைக்கும் வந்தவங்களைத்தான், உங்க ஆள் 1638-ல வந்திருந்தா பெரும்பாலும் பேரும் சில வரி குறிப்பும்தான் கிடைக்கும். ஆன்லைன்ல பார்க்கணும்னா சந்தா கட்டணும், பெரிய லைப்ரரி பக்கத்துல இருந்தா அங்க ஓசில பார்த்துக்கலாம்.

இப்ப எனக்கு ரொம்ப பிடிச்சது, உயில். ஜான் 1672 உயில்ல பொண்டாட்டி, நாலு பையன், ஆறு பொண்ணு எல்லாரும் பேரோட வராங்க. பொண்ணுங்களுக்கு ஆளுக்கு 20 ஷில்லிங், ஆனா பேர் எப்படி எழுதியிருக்குன்னா டிசையர் கோரம், ஹோப் சிப்மன், எலிசபெத் டிக்கின்சன், லிடியா ப்ரௌன், ஹன்னா பாஸ்வர்த், ரூத் குஷ்மன், அதாவது கட்டிக்கொடுத்த வீட்டு பேரோட. ஆறு கல்யாண சர்டிஃபிகேட்டுக்கு சமம் இந்த ஒரு தாள். அவர் போன அப்புறம் எலிசபெத் ஸ்வான்சில மகள் லிடியா வீட்டுல இருந்தாங்க, 1686 டிசம்பர் 17 அவங்களும் ஒரு உயில் எழுதறாங்க, படிச்சா ஆளே கண்ணு முன்னாடி வந்து நிக்கற மாதிரி இருக்கும். மூத்த பையனுக்கு அஞ்சு பவுண்டும் டிண்டேல்ங்கறவர் எழுதின புத்தகமும் ஒரு ஜோடி படுக்கை விரிப்பும், இன்னொரு பையன் ஜாபெஸுக்கு பெரிய இரும்பு சட்டி, இன்னொரு பையன் ஐசக்குக்கு ஏற்கனவே அவன்கிட்டயே இருக்கற பெரிய பித்தளை அண்டா, வெச்சு பார்த்துக்கிட்ட லிடியாவுக்கு நல்ல இறகு மெத்தையும் பச்சை கம்பளியும் சின்ன பைபிளும், மருமகனுக்கு பெரிய பைபிள், பேத்தி டிசையர் குஷ்மனுக்கு நாலு ஆடு.

ஆனா எண்ணி பாருங்க, இதுல டிசையர் கோரமும் இல்ல, ஹோப் சிப்மனும் இல்ல, ரூத்தும் இல்ல. இந்த உயிலை மட்டும் வெச்சு மரம் போட்டா மூணு பொண்ணு அவுட். சண்டை சச்சரவெல்லாம் ஒண்ணும் இல்ல, அவங்க அதுக்குள்ள செத்துப் போயிட்டாங்க, ரூத்தோட பொண்ணு மட்டும் அந்த நாலு ஆட்டோட உள்ள வந்துட்டா. உயில்ல பேர் இல்லன்னா பிள்ளையே இல்லன்னு அர்த்தம் இல்ல, செத்திருக்கலாம், சீர் கொடுத்து முன்னாடியே கணக்கு முடிச்சிருக்கலாம்.

சரி, நம்ம கேள்விக்கு உயில் என்ன பதில் சொல்லுது? ஒண்ணுமே சொல்லல. ரெண்டு உயில்லயும் எலிசபெத்தோட பொறந்த வீட்டு பேர் கிடையாது. ஒரிஜினல் ஆவணம்தான் எல்லாத்துக்கும் மேலன்னு சத்தியம் பண்றவங்க இதை கவனிக்கணும், பிள்ளைங்களை பத்தி அதை அடிச்சுக்க ஆளில்ல, பொண்டாட்டியோட அப்பா யாருன்னு கேட்டா வாயே திறக்காது. ஒரே ஒரு துணுக்கு தருது, உயில் எழுதும்போது தனக்கு 79 வயசுன்னு அந்தம்மா சொல்லியிருக்காங்க, 1686-ல 79 கழிச்சா 1607, ஹென்லோ ஞானஸ்நான பதிவோட கச்சிதமா பொருந்துது. ப்ராட்ஃபோர்ட் பட்டியல், ஹென்லோ பதிவு, இந்த உயில்னு மூணு ஆதாரம், மூணு தனித்தனி ஆளுங்க எழுதினது, ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகுது, நம்பிக்கைங்கறது இப்படித்தான் வரணும்.

இதையெல்லாம் தேடறது முன்ன மாதிரி கஷ்டம் இல்ல. 2024-ல ஃபேமிலிசெர்ச் கையெழுத்து பத்திரத்தை மெஷினே படிச்சு வார்த்தை வார்த்தையா தேடற வசதி கொண்டு வந்துச்சு, அமெரிக்க நில பத்திரமும் உயிலும் அதுல ஆரம்பத்துலயே வந்துடுச்சு. பழைய கையெழுத்தை மெஷின் தப்பா படிக்கும், அதனால ஹாலண்ட், ரோலண்ட்னு எல்லாம் போட்டு பார்க்கணும்.

டிஎன்ஏ பத்தி சுருக்கமா. விளம்பரத்தை பார்த்து மேஃப்ளவர் தாத்தாவை டிஎன்ஏல பிடிச்சுடலாம்னு நினைக்கறவங்களுக்கு, பன்னிரண்டு தலைமுறை மேல போனா உங்களுக்கு 4,096 முன்னோர் இடம் இருக்கு, அதுல பெரும்பாலானவங்க கிட்ட இருந்து உங்க உடம்புல ஒரு துண்டு கூட இருக்காது. துண்டு இருந்தாலும் நியூ இங்கிலாந்து குடும்பங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணா கல்யாணம் பண்ணிக்கிட்டதால அது ஹௌலண்ட்கிட்ட இருந்து வந்ததா வேற ஆள்கிட்ட இருந்து வந்ததான்னு சொல்ல முடியாது. அப்பா வழியா மட்டும் போற ஒய் டிஎன்ஏ தேவலை, ஆனா ஜானோட கூடப்பிறந்த ஆர்தரும் ஹென்றியும் கூட அதே ப்ளிமத் காலனிக்கு வந்தவங்க, மூணு பேருக்கும் ஒய் ஒண்ணுதான், நீங்க எந்த அண்ணன் தம்பி வம்சம்னு அது சொல்லாது. அம்மா வழி டெஸ்ட் எலிசபெத்தோட பொண்ணுங்க வழியா பொண்ணு பொண்ணா வந்தவங்களுக்கு உதவும், அதுவும் இல்லன்னு நிரூபிக்கத்தான் நல்லது, ஆமான்னு நிரூபிக்க இல்ல. கடைசி அஞ்சு ஆறு தலைமுறைக்குள்ள ஒரு சந்தேகம்னா காசு போடுங்க, 1620-க்காக போடாதீங்க.

வர்ஜீனியா ஆளுன்னா இந்த வரிசையே தலைகீழ். அங்க ஊர் பிறப்பு பதிவு இந்த அளவுக்கு கிடையாது, பாதுகாப்புக்குன்னு ரிச்மண்டுக்கு அனுப்பி வெச்ச பல கவுண்டி ஆவணம் 1865 தீயில போச்சு. ஒரு ஆளை கூட்டிட்டு வந்தா 50 ஏக்கர்னு கொடுத்த நில பட்டயங்கள்ல பேர் வரும், ஆனா பட்டயத்து தேதி அந்த ஆள் கப்பல் இறங்கின தேதி இல்ல, பல வருஷம் கழிச்சும் கேட்டு வாங்குவாங்க.

நியூ இங்கிலாந்துலயும் நிஜமான ஓட்டை 1620-ல இல்ல. சில்வர் புக்கு பெரும்பாலும் அஞ்சாவது தலைமுறையோட நின்னுடும், அடிமைங்களை தவிர வீட்டுல இருக்கற எல்லார் பேரும் போட்ட சென்சஸ் 1850-லதான் ஆரம்பிக்குது, அதுக்கு முன்னாடி குடும்பத் தலைவர் பேர் மட்டும்தான். நடுவுல இருக்கற அந்த காலத்துலதான் குடும்பம் குடும்பமா வெர்மான்ட், நியூயார்க், ஒஹாயோன்னு கிளம்பி போய் பேரே தொலைஞ்சு போறது. அங்க எனக்கு தெரிஞ்சு உருப்படியா உதவறது ரெண்டு. ஒண்ணு நில பத்திரம், அப்பா செத்ததும் எங்கயோ இருக்கற பையன் மாசசூசெட்ஸ்ல இருக்கற தன் பங்கை வித்து கையெழுத்து போடும்போது இப்ப இருக்கற ஊரும் அப்பா பேரும் சேர்ந்து வரும். இன்னொண்ணு புரட்சிப் போர் பென்ஷன் ஃபைல், செத்துப் போன சிப்பாயோட மனைவி கல்யாணத்தை நிரூபிக்கணுமே, வேற பேப்பர் இல்லாதவங்க குடும்ப பைபிள்ல பிள்ளைங்க பிறந்த தேதி எழுதின பக்கத்தையே கிழிச்சு அரசாங்கத்துக்கு அனுப்பிட்டாங்க, அது இன்னும் அந்த ஃபைலோடயே இருக்கு, ஸ்கேன் ஃபோல்ட்3ங்கற வெப்சைட்லயும் ஃபேமிலிசெர்ச்லயும் கிடைக்குது.